குருவி பிடித்த கூலி

முதலில் அது ஒரு குருவியாகத்தான் இருந்தது.
நாற்பதில் போகும்போது
காலுக்கடியில் எங்கோ
கீச், கீச், கீச்.
சக்கரம் விரைந்தால் தானும் விரையும்,
நின்றால் நின்றுவிடும்.

கோச்சபம்பாவிலிருந்து வந்த பல் டாக்டரம்மா
"அது என்ன பறவை?" என்று கேட்டாள்.
புல் பூண்டு இல்லாத உப்புவெளியில்
கூசாமல் சொன்னேன்:
"இந்தப் பக்கத்துப் பறவை, அம்மா. கண்ணில் படாது."
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

ஒரு மாதம் கூட்டிக்கொண்டே இருந்தேன்.
இனிக் கூட்ட இடமில்லை என்றானபோது
குருவி போய்,
கால் எடுத்தால் டங்,
கால் வைத்தால் டங் என்று
யாரோ கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நெமேசியா கோல்கேயின் பட்டறை
உயுனியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
ஆறு வருஷம் கல்யாணம் எங்களுக்கு.
பிரிந்தபோது கரண்டிவரை பங்கிட்டோம்,
ஜீப்பை மட்டும் அறுக்க முடியவில்லை.
ஓட்டுவது நான், பழுது பார்ப்பது அவள்,
வரும்படியும் செலவும் சரிபாதி.

கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
வைத்தியச்சி மாதிரி கேட்டாள்:
"ஏற்றத்திலா, சமதரையிலா?
திருப்பும்போதா, நேரே போகும்போதா?"
பதில்களைக் குறித்துக்கொள்ளவில்லை.
என் பதில்களை அவள் அறிவாள்.
முன்சக்கர ஹப் இரண்டையும் விடுவித்து
தானே ஓட்டிப் பார்த்தாள்: சத்தமில்லை.
பூட்டி ஓட்டினாள்: டங்.
"டயர் இல்லை. பின்னால் எதுவும் இல்லை.
முன் ஷாஃப்ட்" என்று
அட்டையை விரித்து அடியில் படுத்தாள்.

ஷாஃப்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருகினாள்.
ஒரு மயிரிழை ஆட்டம், அவ்வளவுதான்.
அதற்குள்தான் குடியிருந்தது அத்தனை சத்தமும்.

முனைக்கு நாலாய் எட்டு போல்ட்.
கழற்றி வைஸில் இறுக்கி
சர்க்ளிப்பை நெம்பி, மூடியை உருவிக் கவிழ்த்தாள்.
கிரீஸ் விழவில்லை.
செங்கல் தூள் விழுந்தது.
தூளுக்குள் தேய்ந்த ஊசிகள்,
சில ஊசிகள் இல்லவே இல்லை.
"உப்பு" என்றேன், முந்திக்கொண்டு.
"உப்புதான்" என்றாள்.

பிறகு விளக்கை நெருக்கிப் பிடித்தாள்.
போன வருஷம் அவள் இழுத்த மஞ்சள் கோடு
குழாயில் ஒன்று, நுகத்தில் ஒன்று.
நேருக்கு நேர் நிற்க வேண்டியவை
ஒரு விரற்கடை விலகி
வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"யார் பிரித்தது?"

அப்போது பார்த்து ஒரு ரயில் வந்தது,
தாதுப் பெட்டிகள், நீளமான ரயில். நன்றி.
அது போன பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது.
"ஆகஸ்டில். கோல்சானியில். கழுவத்தான் பிரித்தேன்."
"கோட்டைப் பார்க்கவில்லையா?"
"இருட்டு."
"டார்ச் நான் வாங்கித் தந்தது."

அதற்குமேல் பேச்சில்லை, வேலைதான்.
புது கிராஸை ஏற்றும்போது
ஊசி ஒன்று படுத்துக்கொண்டது; மூடி உட்காரவில்லை.
நானாக இருந்தால் ஒரே அடி அடித்திருப்பேன்.
அவள் மறுபடி பிரித்து
ஒவ்வொன்றாய் நிமிர்த்தி, கிரீஸில் ஒட்டவைத்தாள்.
குளிரில் கிரீஸ் கல்லாகியிருந்தது.
டப்பாவை அக்குளில் வைத்துச் சூடேற்றியது
என் பங்கு வேலை.
நடுநிசிக்குப் பிறகு
கோடும் கோடும் ஒன்றையொன்று பார்த்தன.

விடியலில் உப்பின்மேல் எழுபதைத் தொட்டோம்.
ரேடியோவை நான் போடவில்லை.
"பின்கதவில் ஏதோ கடகடக்கிறது" என்றேன்,
யாரும் கேட்காமலேயே.
அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்,
கதவை அல்ல.
தைரியம் வந்து பல் டாக்டரம்மா கதையையும் சொன்னேன்.
சிரிக்கவில்லை.

சாயங்காலம் பில் வந்தது.
கிராஸ், கிரீஸ், சர்க்ளிப்
எல்லாம் வழக்கம்போல் பாதி பாதி.
கடைசி வரி மட்டும் முழுக்க என் பேரில்:
குருவி பிடித்த கூலி, நாற்பது.